மைதானம் காத்த மாமனிதர்

மதிப்புக்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கு,

பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பள்ளி வாசலில் பிளெக்ஸ் கட்டியிருக்கிறீர்கள். வாழ்த்த ஊரே வரிசையில் நிற்கிறது. எனக்கோ தேர்ச்சியைவிட, அதற்காகப் பிள்ளைகளின் உடம்பைத் தாங்கள் பக்குவப்படுத்தும் விதம்தான் மெய்சிலிர்க்க வைக்கிறது. அதை யாரும் பிளெக்ஸில் போடவில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் மைதானம். அட்மிஷன் கையேட்டின் அட்டையில் பச்சைப் பசேலென்று இருக்கிறதே, அதுதான். விளையாட விட்டிருந்தால் இந்நேரம் புல் தேய்ந்து புழுதி பறந்திருக்கும். தாங்கள் பேவர் பிளாக் பதித்து, மஞ்சள் வேன்களை வரிசையாக நிறுத்தி, ஒரு பிள்ளையின் முழங்கால்கூடச் சிராய்க்காமல் காப்பாற்றிவிட்டீர்கள். பி.டி. சாரையும் சும்மா விடவில்லை. காலையில் பிரேயர் வரிசையில் தலைமுடி, ஷூ, ஐ.டி. கார்டு சோதனை, மாலையில் வேன் ரிவர்ஸ் எடுக்க விசில். இவ்வளவு நேர்த்தியாக விசில் ஊதுகிறவரைக் கால்பந்துக்கு வீணடிக்கிற பள்ளிகளும் நாட்டில் இருக்கத்தான் செய்கின்றன.

கால அட்டவணையில் வாரம் இரண்டு பி.டி. பீரியட் உண்டு. ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்த்து மகிழட்டும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் கணக்கு சார் வந்து முக்கோணவியல் நடத்துவார். 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களுக்கென்ன, ஜெனீவாவில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள். இங்கே ஐந்து மார்க் குறைந்தால் வந்து பதில் சொல்வார்களா?

இயற்கையின் ஒழுங்கீனத்தைத் தாங்கள் கையாளும் அழகே தனி. ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் என்று சாதுவாக வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை, பருவ வயதில் ஒரே ஆண்டில் 8, 9 சென்டிமீட்டர் தாவுகிறது. வளர்ந்த மனிதனின் எலும்பில் இருக்கும் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு, இந்தத் தாவலையொட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்கிறதாம். ஓடிக் குதித்தால் அந்த எலும்பு இன்னும் உறுதிப்படுமாம். பையன்களுக்கு இந்தத் தாவல் பெரும்பாலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் வந்து தொலைக்கிறது. பொதுத்தேர்வு நெருங்குகிறதே என்ற பொறுப்பு உடம்புக்கு இல்லை. தாங்கள்தான் ஒன்பதாவதிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, காலை ஆறரைக்கு ஒரு ஸ்பெஷல் கிளாஸ், இரவு எட்டு வரை ஒரு ஸ்டடி என்று வைத்து, அதற்கும் பொறுப்பைக் கற்றுக்கொடுத்தீர்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும், வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் அதிகம் சுரக்கும் என்று டாக்டர்கள் பயமுறுத்துவார்கள். அந்த ஹார்மோனுக்கு எத்தனை மார்க் என்று ஒரே கேள்வியில் அவர்கள் வாயை அடைத்துவிடுவீர்கள்.

புத்தகப் பையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்று மத்திய அரசு 2020-இல் கொள்கையே வகுத்தது. 33 கிலோ உள்ள என் மகனின் பையைப் பழைய பேப்பர்காரரின் தராசில் தொங்கவிட்டேன். 7 கிலோவுக்குச் சற்று மேலே நின்றது. “எடைக்குப் போடுறீங்களா சார்?” என்று ஆசையாகக் கேட்டார். அந்தப் பையோடு மூன்றாம் மாடி ஏறுகிற பிள்ளைகள் எல்லோரும் முன்னால் குனிந்தே நடக்கிறார்கள். பணிவை மற்ற பள்ளிகள் நீதிபோதனை வகுப்பில் வாயால் சொல்லிக்கொண்டிருக்க, தாங்கள் அதைத் தோளிலேயே மாட்டிவிட்டீர்கள்.

என் மகளின் தண்ணீர் பாட்டில் காலையில் எப்படிப் போகிறதோ அப்படியே மாலையில் திரும்புகிறது. கழிப்பறைப் பக்கம் தலைவைக்க மனம் வராதபடி அதைப் பராமரிப்பதால் பெண் பிள்ளைகள் தாகத்தையே வென்றுவிட்டார்கள். முனிவர்கள் காட்டுக்குப் போய்ச் சாதித்ததை இவர்கள் ஆறாம் வகுப்பிலேயே சாதிக்கிறார்கள். நடுவில் சிறுநீர்த் தொற்று என்று டாக்டரிடம் போய் நிற்பதெல்லாம் தவத்துக்கு வருகிற சின்ன இடையூறு.

ஒரு திங்கட்கிழமை பிரேயரில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். வேன் ஆறு மணிக்கே வந்துவிட்டதால் அரை டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான் உள்ளே போயிருந்தன. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிட்டு, “டெஸ்ட்டுக்குப் பயந்துக்கிட்டு டிராமா போடாத, எந்திரி” என்றார் வகுப்பு மிஸ். ரத்தம் எடுக்காமலே நோயைக் கண்டுபிடிக்கிற கைராசி பெரிய ஆஸ்பத்திரிகளில்கூடக் கிடைக்காது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. இந்தியா முழுக்க இத்தனை டிராமாக்காரிகள்! தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இவர்களுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, மதியம் முட்டை, சின்ன வகுப்புகளுக்கு 2022-இலிருந்து காலைச் சிற்றுண்டி என்று செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள். தங்கள் கேன்டீனில் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. பப்ஸ், சிப்ஸ், கலர் ஜூஸ். காசு கொடுத்தால்தான் அதுவும்.

கண் விஷயத்தில் தைவான்காரர்கள் தங்களிடம் பாடம் கேட்க வேண்டும். கிட்டப்பார்வையைத் தடுக்கிறோம் என்று 2010-இலிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளிச்சத்துக்கு விரட்டுகிறார்கள். தாங்கள் ஜன்னலுக்குத் திரை போட்டு, ஸ்மார்ட் போர்டை ஏற்றி, ஆண்டுக்கொரு முறை கண்ணாடிக் கடைக்காரரை வைத்தே இலவசக் கண் முகாமும் நடத்திவிடுகிறீர்கள். கல்வியும் வளர்கிறது, கடையும் வளர்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று தாங்கள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அந்த நம்பிக்கையை எங்களில் ஒருவரும் வீணாக்கியதில்லை. சென்ற கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்தார்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் ஸ்பெஷல் கிளாஸ் இல்லை என்று கேட்டார். நல்ல கைதட்டல்.

அடுத்த மாதம் விளையாட்டு விழா என்று சர்க்குலர் வந்தது. டி-ஷர்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டேன். வெளியே காசு கொடுத்து அகாடமியில் பயிற்சி எடுக்கும் நான்கைந்து பிள்ளைகள் ஓடுவார்கள், மற்றவர்கள் வெயிலில் உட்கார்ந்து உற்சாகப்படுத்த வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்களாம். ஒரே ஒரு சந்தேகம்தான் ஐயா. அன்றைக்கு வேன்களை எங்கே நிறுத்துவீர்கள்?

இப்படிக்கு,
தங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவர்