எல்லாம் வாய்வுதான்

இடது கண் இமை துடித்தால், அம்மாவின் கணக்கில் ஆண்பிள்ளைக்கு ஆகாது. வீண் செலவு வரும். என் கைப்பேசியின் கணக்கிலோ நரம்பு மண்டலமே ஆட்டம் கண்டிருக்கும். பலித்தது அம்மாவுடையதுதான். நரம்பியல் நிபுணருக்கு ஃபீஸ் கட்டியபோது வீண் செலவு வந்தே விட்டது. "தூக்கம் கம்மி, காபி ஜாஸ்தி. தானா நிக்கும்" என்று அனுப்பிவிட்டார். நின்றது.

இமையை விடுங்கள், எலும்புக்கு வருகிறேன். ஓர் இரவு குளிக்கும்போது, மார்புக்கு நடுவில் விலா எலும்புகள் இரண்டு பக்கமும் பிரிந்து இறங்கும் குழியில், சோப்பு போட்ட விரல் ஏதோ ஒரு கெட்டியான முனையில் தட்டியது. நேற்றுவரை இல்லாதது. அதாவது, நேற்றுவரை தேடாதது. அழுத்தினேன், வலித்தது. நன்றாக அழுத்தினேன், நன்றாக வலித்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மனைவியை எழுப்பினேன்.

"காலைல வரைக்கும் இருக்குமா அது?"

"இருக்கும்னுதான் பயமே."

"அப்ப காலைல பாத்துக்கலாம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் தெரு டாக்டர் தொட்டுப் பார்த்தார். பிறகு என் விரலைப் பிடித்துத் தன் நெஞ்சுக்குழியிலேயே வைத்தார். அவருக்கும் இருந்தது. மார்பெலும்பின் கீழ்நுனியாம் அது. ஜைஃபாய்டு என்று பெயர். இளவயதில் குருத்தெலும்பாக இருப்பது நடுவயதில் எலும்பாக இறுகும். அப்போதுதான் என்னைப் போன்றவர்கள் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு ஓடிவருவார்களாம்.

"வலிக்குதே டாக்டர்?"

"ராத்திரி பூரா அமுக்கினா மூக்கும்தான் வலிக்கும்."

நாக்கின் பின்கோடியில் 8 முதல் 12 வரை மொட்டுகள் வளைவாக வரிசைகட்டி இருப்பதும் இதே ரகம். எல்லோருக்கும் உண்டு. டார்ச்சும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு ராத்திரியில் நாக்கை இழுப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அதற்கடுத்துத்தான் இதயத்துக்குப் போனேன். நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிற உறுப்பு. நடுவே ஒன்றிரண்டு துடிப்பு முறை தவறி முந்திக்கொண்டு வருவது நல்ல இதயங்களிலும் சகஜம். இது எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஈசிஜி எடுத்தேன். 'நார்மல்' என்ற அந்தத் தாள் தந்த நிம்மதி, ஆட்டோ வீட்டு வாசலில் நிற்கும்வரை தாங்கியது. இறங்கும்போதே, "ஈசிஜி எடுத்த நேரத்தில் மட்டும் அது ஒழுங்காகத் துடித்திருந்தால்?" என்று தோன்றிவிட்டது.

டாக்டர் இன்னொரு பரிசோதனை எழுதித் தரவில்லை. கை மணிக்கட்டில் இருந்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றச் சொன்னார். நாடி பார்க்கத் தோன்றினால் அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள், கைப்பேசியில் வியாதி தேடாதீர்கள், "எனக்கு ஒண்ணுமில்லையே?" என்று மனைவியிடம் கேட்காதீர்கள் என்றார். மூன்றாவதைக் கேட்டு என் மனைவி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். முதல் வாரம் அந்த அரை மணி நேரம் முழுக்கக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நடுவில் குழாய்க்காரர் வருவார், பால் பொங்கும், நாடி மறந்துபோகும்.

அம்மாவுக்கு இந்தப் பயிற்சியெல்லாம் தேவைப்பட்டதே இல்லை. எது வந்தாலும் வாய்வு. ஓமத் தண்ணீர் குடித்தால் போச்சு. அதை அப்படியே பின்பற்றவும் முடியாது. மாரடைப்பையே வாய்வு என்று நினைத்து, சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் நம் ஊரில் உண்டு. நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், திடீரென்று ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது, இவற்றுக்கு அரை மணி நேரச் சட்டம் செல்லாது, உடனே ஓடு என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

அம்மாக்களின் கணக்கைச் சோதித்தே பார்த்த விதத்தில் எனக்குப் பிடித்த ஆள் டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டர். நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்று அவருடைய அம்மாவும் அத்தை சித்திகளும் மிரட்டினார்களாம். மனிதர் 60 வருடத்துக்கு மேல் இடது கையில் மட்டும் நெட்டி முறித்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009-இல் அதற்கு, வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்கென்றே இருக்கும் இக் நோபல் பரிசைக் கொடுத்தார்கள். நம் பாட்டிகள் திருஷ்டி கழிக்க நெற்றிப்பொட்டில் வைத்து முறித்த நெட்டிகளுக்கு யார் பரிசு தந்தார்கள்?

போன வாரம் மாடி வீட்டுக்காரர் நெஞ்சுக்குழியைத் தடவிக்கொண்டு வந்தார். ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுகிறதாம். நான் பெரிய மனுஷன்போல ஜைஃபாய்டை விளக்கி, எல்லோருக்கும் இருப்பதுதான் என்று சொல்லி, அவருடைய மனைவியையும் தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்த அம்மாள் மேலும் கீழும் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"எனக்கு இல்லையே சார்!"

இரண்டு பேருமாக டோக்கன் போடப் போனார்கள்.