கரகரப்பும் அபிப்பிராயங்களும்

நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் நம் தேசத்தில் நெடுங்காலமாக இருந்து வருவதே; ஆயினும் அந்தத் தாராளம் முழுவதையும் ஒருசேரத் தரிசிக்க விரும்புகிறவர், தம்முடைய காரில் பாட்டுப் பெட்டி கரகரக்கிறது என்ற செய்தியை நாலு பேர் காதில் போட்டு வைத்தால் போதும். என்னுடைய பழைய காரில், காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் படிப்படியாக ஏறி மேல் ஸ்தாயியில் சுகமாக நிற்கப் போகிற சமயம் பார்த்து, பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்குவதைப் போன்ற ஒரு சப்தம் எழத் தொடங்கியதை நான் பரம ரகசியமாகவே வைத்திருப்பேன். ஆனால் காருக்குள் ஏறியவர்களுக்கெல்லாம் காது இருந்தது.

முதலில் அபிப்பிராயம் அருளியவர் என் மைத்துனர். முன்னிருக்கையில் என் இடப்பக்கத்தில் அமர்ந்து, கதவைத் தமக்கே உரிய கம்பீரத்துடன் அறைந்து சாத்திவிட்டு, "அத்தான், ஆம்ப் போயிடுச்சு. புதுசு வாங்கிடுங்க" என்றார். எதிர்வீட்டில் வசிக்கும் மின்வாரியத்து ஓய்வுபெற்ற அதிகாரி, உலகத்துத் துன்பங்கள் யாவும் எர்த் சரியில்லாத காரணத்தாலேயே சம்பவிக்கின்றன என்னும் சித்தாந்தி. அவர் காரை எட்டிக்கூடப் பாராமல் "எர்த்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பளித்தார். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடைக்காரப் பிள்ளையோ, பல்லவியில் பாதிகூடக் கேட்காமல், "நாலு ஸ்பீக்கரும் வீக் சார். மாத்திட்டு, டிக்கில ஒரு சப்வூஃபர் போட்டுட்டா கரகரப்பே கேக்காது" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பெட்டி அதிர்கிற அதிர்ச்சியில் கரகரப்பு மட்டுமல்ல, பின்னால் வரும் லாரியின் ஹாரன்கூடக் கேட்காதுதான். என் மனைவி மட்டும், "பாட்டை நிறுத்திப் பாருங்களேன், சத்தம் தானா நின்னுடும்" என்றாள்.

பரிகாசமாகச் சொல்லப்பட்ட இந்த யோசனைதான் சாஸ்திரப்படி செய்ய வேண்டிய முதற் காரியம் என்பதை அவள் அறியாள். நானும் அன்று அவளிடம் சொல்லவில்லை. ஒலியை அடியோடு குறைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறிக்கொண்டே போகும் ஒரு கீச்சொலி அப்போதும் மிஞ்சுமானால், அது ஆல்ட்டர்னேட்டரிலிருந்து புறப்பட்டு, தகாத எர்த் வழியே ஆம்ப்ளிஃபயருக்குள் குடியேறிய சப்தம். எர்த் ஒயரை ஒன்றரை அடிக்குள் முடித்து, பெயிண்டைச் சுரண்டி வெறும் தகட்டில் இறுக்கி, பாட்டரி ஒயர் காரின் ஒரு பக்கமும் சிக்னல் ஒயர் மறு பக்கமுமாகப் போகும்படி செய்துவிட்டால் அது பெரும்பாலும் ஒழிந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் சித்தாந்தம் அங்கே பலிக்கும். இந்தத் தொல்லை நேற்றுப் பிறந்ததும் அல்ல; 1930-இல் சிகாகோவில் கால்வின் சகோதரர்கள் காருக்கென்று ஒரு ரேடியோ செய்து, மோட்டோரோலா என்று அதற்கு நாமகரணமும் செய்த காலத்திலேயே, எஞ்சினில் பறக்கும் தீப்பொறிகள் பாட்டோடு கூடவே பாடிக்கொண்டிருந்தன.

ஒலியைக் கூட்டும்போது மட்டும் ஸ்வரங்கள் நசுங்கிப் பிளிறுமானால், அது வேறு வியாதி. ஆம்பில் உள்ள கெயின் என்னும் திருகை, அதிகச் சப்தம் வேண்டி ஆசைப்படுகிறவர்கள் கடைசி மட்டும் திருகி வைத்துவிடுகிறார்கள். ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்துவதற்காக வைத்த திருகு அது. தன் சக்திக்கு மீறிப் பாடச் சொன்னால் ஆம்ப், வளைந்து வர வேண்டிய அலையின் தலையை வெட்டி அனுப்புகிறது. வெட்டுண்ட அலையைத் தொடர்ந்து வாங்கும் ஸ்பீக்கர் காயில் சூடேறிக் கடைசியில் கருகுகிறது.

எங்கள் காரில் ஒலியை அடியோடு குறைத்ததும் நிசப்தம். ஆகவே எர்த்துக்கு விடுதலை. தாழ்ந்த ஒலியிலும் கரகரப்பு இருந்தபடியால் கெயினுக்கும் விடுதலை. பிறகு பாலன்ஸ் குமிழை வலப்புறம் திருகினால் சுத்த சங்கீதம். இடப்புறம் திருகினால் அப்பளம். முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்ததில், குற்றம் முன் இடக் கதவில் வாசம் செய்வது ஊர்ஜிதமாயிற்று. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் டோர் பேடைக் கழற்றி, ஸ்பீக்கரின் கூம்பை இரண்டு கைவிரல்களாலும் சமமாக, மெல்ல அமுக்கிப் பார்த்தார். காயில் உரசினால் விரல் நுனியில் மணலை அரைப்பதுபோல் தெரியுமாம், அப்படி ஏதும் இல்லை. நாலு ஓம் ஸ்பீக்கர், மல்ட்டிமீட்டரில் மூன்றரைக்குப் பக்கத்தில் காட்டியது; அதுவே ஆரோக்கியமாம். சந்தேகம் தீர, வலக் கதவின் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து இங்கே மாட்டினார். நேற்றுவரை நல்லபடியாகப் பாடிய அதுவும் இங்கே வந்ததும் அப்பளம் நொறுக்கியது. அப்புறம் ஸ்பீக்கரைக் கழற்றி, ஒயரின் இரு கோடிகளிலும் மீட்டரை வைத்துக்கொண்டு, "சார், கதவை மெதுவா ஆட்டுங்க" என்றார். நான் ஆட்ட ஆட்ட, மீட்டரின் எண்களும் ஆடின.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே, மடங்கி விரியும் ரப்பர் உறை ஒன்று உண்டு. கதவுக்குப் போகும் ஒயர்கள் யாவும் அதற்குள்தான் ஒளிந்து செல்கின்றன. உறையைப் பிதுக்கி வெளியே இழுத்ததில், மேல்தோல் பளபளவென்று குற்றமற்றுத் தோன்றிய ஒரு மெல்லிய ஒயருக்குள்ளே செம்பு இழைகள் அநேகமாக எல்லாம் அறுந்து, மிஞ்சியவை பள்ளம் வந்தால் பிரிவதும் மேடு வந்தால் சேர்வதுமாக இருந்தன. "இந்தக் கதவை யாரோ ஓங்கி ஓங்கிச் சாத்துறாங்க சார்" என்றார் எலக்ட்ரீஷியன். என் மைத்துனர் அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்; அவர் அந்த க்ஷணத்திலிருந்து ஆகாயத்தில் மழைக்கான அறிகுறிகளை ஆராயத் தொடங்கினார்.

ஒரு முழம் புது ஒயர், கொஞ்சம் ஈயம், மேலே ஒரு சுருங்கு குழாய், கதவு திறக்கும்போது இழுபடாதபடி சிறிது தளர்ச்சி: இவ்வளவே வைத்தியச் செலவு. இதைப் படிக்கும் அன்பர்களில் எவருடைய காராவது கரகரத்தால், கடைக்குப் புறப்படுமுன் பாலன்ஸ் குமிழை இடமும் வலமும் ஒருமுறை திருகிப் பாருங்கள். அதற்கு யாரும் காசு கேட்பதில்லை.