முட்டிச் சில்லியல்: குருபரப்பள்ளி நிறுத்தத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

பாதாதிகேசம் பாடிய புலவர்கள் கணைக்காலுக்கு வரால் மீனைப் பிடித்து வந்தார்கள். தொடைக்கு வாழைத்தண்டை வெட்டி வந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு ஒரு நண்டைக் காட்டிவிட்டு நடையைக் கூட்டினார்கள். கண்ணுக்குக் கவிஞர் உண்டு, இதயத்துக்குக் காதலர் உண்டு, வயிற்றுக்கு ஊரே உண்டு. முட்டிச் சில்லுக்கு நாதியில்லை. அக்குறை தீர்க்க எழுந்ததே இவ்வாராய்ச்சி.

ஆய்வுக்களம், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில், பழைய ஏழாம் எண்ணை உதறி 44 ஆகிவிட்ட தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கும் குருபரப்பள்ளி. ஆய்வுக்கருவிகள்: ஒரு டீ, ஒரு பெஞ்சு. நிதி நல்கியோர்: எவருமிலர்.

இவ்வூரே ஏன், ஓசூர் ஆகாதோ எனின், ஆகாது. ஓசூரில் எல்லாரும் அவசரத்தில் இருக்கிறார்கள். ஓடுகிற முட்டியை ஆராய முடியாது. இங்கே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் முட்டிகள் தாராளம். சிப்காட் ஷிப்டுக்குப் போகும் முட்டி, ராகிக் கொல்லையிலிருந்து திரும்பும் முட்டி, மாங்கூழ் கம்பெனி முட்டி, பெங்களூரு போகப் பை தூக்கிய முட்டி என ஒரே நிழலில் நால்வகையும் கிடைக்கும். போதாததற்குப் பக்கத்திலேயே போலுப்பள்ளியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி. ஆய்வாளன் தடுக்கி விழுந்தாலும் ஆய்வு தடைபடாது.

இனி, முட்டிச் சில்லாவது யாதோவெனின், தொடையின் முன்புறத்துப் பெருந்தசை கீழிறங்கிக் கணைக்கால் எலும்பைப் பற்றுகிற தசைநாணுக்குள்ளே புதைந்து கிடக்கும் முக்கோண எலும்பு. கூர்முனை கீழே, அகலம் மேலே. நாணுக்குள் பிறந்து நாணுக்குள்ளேயே வாழும் இவ்வகை எலும்புகளுக்கு மருத்துவர் எள்ளின் பெயரை வைத்திருக்கிறார்கள். எள் குடும்பத்தில் பிறந்தவற்றுள் இதுவே மனித உடலில் ஆகப் பெரியது. உறவினர்கள் கட்டைவிரல் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, இது மட்டும் முன்வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதன் உள்முகத்தில் இரண்டு சரிவுகள் உண்டு. வெளிப்பக்கச் சரிவு உள்பக்கத்ததைவிடப் பெரிது. இதனால் விளையும் பயன் யாதெனின், கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு முட்டிச் சில்லு வலதா இடதா என்பதை எளிதில் தீர்க்கலாம். உள்முகம் கீழே படும்படி மேசையில் வை. கூர்முனை உனக்கு எதிர்ப்புறம் நோக்கட்டும். கையை எடு. சில்லு தானாகப் பெரிய சரிவின் பக்கம் சாயும். வலப்பக்கம் சாய்ந்தால் வலது, இடப்பக்கம் சாய்ந்தால் இடது. எந்தக் கட்சி என்று கேட்டவுடன் இவ்வளவு நேர்மையாகச் சாய்ந்து காட்டும் உறுப்பு வேறில்லை. மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் தேர்வு மேசையில் செய்வது இதைத்தான்.

அற்றேல் அஃதாக, நாணுக்கு நடுவில் எலும்பு எதற்கு, நாண் நேராகவே போய் எலும்பைப் பற்றக் கூடாதோ எனக் கடாவுவார் உளர். இப்படிக் கடாவியவர் சாதாரண ஆள் இல்லை. ரால்ஃப் புரூக் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1937இல், உடைந்த முட்டிச் சில்லை ஒட்டிக்கொண்டிருப்பானேன், எடுத்தே விடலாம் என்று எழுதினார். அவர் கண்ணில் அது பழங்காலத்து மிச்சம். அது போனால் மூட்டுக்கு நட்டமில்லை. ஆட்குறைப்பு நோட்டீஸ்தான், வேறென்ன. பல முழங்கால்களில் சில்லு எடுக்கவும்பட்டது.

இதற்கு விடை 1945இல் ஹாக்ஸ்டன் என்பவரிடமிருந்து வந்தது. சில்லு போன கால்களை அளந்து பார்த்தால், மடித்த காலை நீட்டுகிற வலு குறைந்திருந்தது. காரணம் எளிது. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் மூச்சு வாங்குகிறது. தாழ்ப்பாள் பக்கம் தள்ளினால் ஒரு விரல் போதும். முட்டிச் சில்லு செய்வது நாணை மூட்டின் அச்சிலிருந்து முன்னே தள்ளிப் பிடித்து, தசையைத் தாழ்ப்பாள் பக்கம் நிறுத்துவது. தானாக எதையும் இழுப்பதில்லை, தூக்குவதில்லை. ஆனாலும் அது நடுவில் நிற்பதால்தான் மற்றவன் வேலை நடக்கிறது. சூப்பர்வைசர் பதவி குறித்து ஓசூர்த் தொழிலாளர் நடுவே நிலவும் கருத்துகளை இவ்விடத்தில் ஆய்வாளன் சேர்க்கவில்லை.

பிறக்கும்போது இது எலும்பாக இல்லை. வெறும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. மூன்று முதல் ஆறு வயதுக்குள்தான் மெல்ல எலும்பாகிறது. தவழுகிற காலமெல்லாம் மெத்தென்று இருந்துவிட்டு, எல்கேஜி அட்மிஷன் நேரத்தில் கெட்டிப்படுகிறது. கெட்டிப்பட்டதும் வகுப்பறையில் அதற்குக் காத்திருந்த முதல் பணி ‘முட்டி போடு’ என்பது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை உடல்ரீதியாகத் தண்டிப்பதைத் தடைசெய்ததால், சட்டத்தின் கண்ணில் அப்பணியிடமும் காலாவதி.

விலங்கியல் சாட்சி தேடுவோர் நெடுந்தூரம் போக வேண்டாம். ராகி விளையும் பருவத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக்கூட்டம் வருவது இம்மாவட்டத்தார் அறிந்தது. யானைக்கு நான்கு முட்டி என்று சிலர் பெஞ்சில் அமர்ந்து சாதித்தனர். அது பிழை. முன்காலில் மடிவது மணிக்கட்டு. முட்டிச் சில்லு பின்காலில் மட்டுமே. எருதுவிடும் விழாவில் பாயும் காளைக்கும் அப்படியே: முன்காலில் முட்டி என்று நாம் சுட்டுவது முட்டியல்ல, அசல் முட்டி பின்னங்காலில் வயிற்றோரம் ஒளிந்திருக்கிறது. அந்தச் சில்லு சிலசமயம் மேலே ஏறி மாட்டிக்கொண்டால் மாடு பின்காலை மடக்க முடியாமல் விறைத்து இழுத்து நடக்கும். கால்நடை மருத்துவர் ஒரு நாணை வெட்டிவிட, சரியாகிவிடும். குதிரையோ அதே மாட்டிக்கொள்ளலை வேண்டியபோது வரவழைத்து, காலைப் பூட்டிக்கொண்டு நின்றபடியே தூங்குகிறது. நெருப்புக்கோழிக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு சில்லு. அதற்கு இந்த ஊரில் என்ன வேலை என்று விட்டுவிடுவோம்.

சில்லின் மேல் விழும் பாரத்தை ரைலி, மார்டென்ஸ் ஆகிய இருவர் 1972இல் கணக்கிட்டிருக்கிறார்கள். சமதரையில் நடந்தால் உடல் எடையில் பாதி. படி ஏறி இறங்கினால் மூன்று மடங்குக்கு மேல். முழுக்க மடக்கிக் குந்தி எழுந்தால் ஏழு மடங்கையும் தாண்டும். அறுபது கிலோ ஆள் நடக்கையில் முப்பது கிலோ. ஓசூர் சந்திரசூடேசுவரர் மலைப்படியில் இருநூறு கிலோ. குந்தி எழுகையில் நானூறு கிலோவுக்கும் மேல். இத்தனைக்கும் அதன் உள்முகத்தில் இருப்பது சில மில்லிமீட்டர் குருத்தெலும்பு. உடலிலேயே தடித்த மூட்டுக் குருத்தெலும்பு அதுதான் என்பதால் இயற்கைக்கும் நிலவரம் தெரிந்தே இருந்திருக்கிறது.

குந்துதல் இவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் நாள் முழுக்க நடந்த தொழில். களி கிண்டும்போது குந்தினார்கள். அடுப்பு ஊதக் குந்தினார்கள். களை எடுக்க, மாட்டில் பால் கறக்க, மாங்காய் பொறுக்கித் தரம் பிரிக்க, வெற்றிலை போட்டுக்கொண்டு பஞ்சாயத்து பேச, எல்லாவற்றுக்கும் குந்தினார்கள். சில்லின் உள்ளோரத்தில் ஒற்றையாக ஒரு சின்ன முகம் உண்டு. கால் முழுக்க மடங்கினால்தான் அது தொடையெலும்பைத் தொடும். நாற்காலிக்காரர்களின் காலில் அது வாழ்நாள் முழுதும் சும்மா கிடக்கலாம். லாகூரில் உடற்கூறு பேராசிரியராக இருந்த ஹாவ்லக் சார்ல்ஸ் 1893இல் பஞ்சாபியரின் கால் எலும்புகளைப் பார்த்து, குந்தும் பழக்கம் எலும்பிலேயே அடையாளம் பதித்திருப்பதை எழுதினார். அவர் கொஞ்சம் தெற்கே இறங்கி வந்திருந்தால் களிச்சட்டியின் பங்கையும் சேர்த்திருப்பார் என்பது ஆய்வாளன் துணிபு. மேடை அடுப்பு வந்தது, கிரைண்டர் வந்தது, வெஸ்டர்ன் டாய்லெட் வந்தது. ஒற்றை முகம் வேலையிழந்தது.

வேலையிழப்பு என்றதும் இவ்வாராய்ச்சியின் நடுநாயகமான கருதுகோளுக்கு வந்துவிட்டோம். உலகில் வேறெங்கும் முட்டிச் சில்லு தற்செயலாக வேலை இழந்திருக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மட்டும்தான் அதைத் திட்டமிட்டு, தொழிற்சாலை வைத்து, ஷிப்டு போட்டு வேலையிழக்கச் செய்கிறார்கள்.

சான்று வருமாறு. முதலில் சைக்கிள்: ஒவ்வொரு மிதிக்கும் சில்லுக்கு ஒரு பங்கு. பிறகு 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அதிலும் பெடல் உண்டு. மிதித்துக் கிளப்ப வேண்டும், கிளம்பியபின் முட்டி ஓய்வு. ஆக முழுநேர வேலை பகுதிநேரமானது. அடுத்து கிக்கர்: ஒரு உதை, இரண்டு உதை, மழைக்காலத்தில் பத்து உதை. தினக்கூலி. அதன்பின் பொத்தான். வேலை கட்டைவிரலுக்கு மாறியது. இப்போது மின்சார ஸ்கூட்டர். ஏத்தர் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில், சிம்பிள் எனர்ஜி சூளகிரியில் என, குருபரப்பள்ளியை நடுவில் வைத்துக் கோடு இழுத்தால் இருபுறமும் உதைக்கத் தேவையில்லாத வண்டிகள் உற்பத்தியாகின்றன. வண்டியில் முட்டிக்கென்று எஞ்சியிருப்பது, பின்னால் உட்கார்ந்திருக்கும் தங்கை “அண்ணா, ஸ்பீடு வேணாம்” என்று தட்டும்போது அதை உணர்வது ஒன்றே.

இங்கே ஒரு மறுப்பு எழும். அவ்வண்டிகளைச் செய்பவர் எட்டு மணி நேரம் லைனில் நிற்கிறாரே, நிற்பது முட்டிக்கு வேலை அல்லவோ எனின், அன்று. இதைச் சோதிக்க டீக்கடைக்காரரின் ஒத்துழைப்பு கோரப்பட்டது.

“அண்ணா, நேரா நின்னு தொடையத் தளர்வா விடுங்க. முட்டிச் சில்லப் புடிச்சு அப்படியும் இப்படியும் ஆட்டிப் பாருங்க.”

“ஆடுது தம்பி. கழண்டுகிச்சா?”

கழலவில்லை. நேராக நிற்கும் காலில், தொடைத்தசை தளர்ந்திருக்கையில், சில்லு விடுமுறையில் இருக்கிறது. விரலால் தள்ளினால் பக்கவாட்டில் நகரும். தொடையை இறுக்கினால் அக்கணமே கெட்டியாக நின்றுவிடும். ஆகவே லைனில் நிற்பவருக்குக் குதிகால் வலிக்கலாம், இடுப்பு வலிக்கலாம், கணக்குப்படி முட்டிச் சில்லுக்கு அது ஓய்வு நேரம்.

அதற்கு வேலை தொடங்குவது ஷிப்டு முடிந்து மனிதன் கம்பெனி பஸ்ஸில் ஏறி ‘அப்பாடா’ என்று உட்கார்ந்தபின். முட்டி மடங்குகிறது, நாண் இறுகுகிறது, சில்லு தொடையெலும்பின் பள்ளத்தோடு அழுத்தப்படுகிறது. முன்சீட்டு முதுகு வேறு அதன் நெற்றியில் முட்டுகிறது. சூளகிரி தாண்டுவதற்குள் ஒரு மந்தமான வலி கிளம்பும். இவ்வலியை மேலைநாட்டு மருத்துவர் நெடுநேரம் சினிமா பார்க்க உட்கார்ந்தவர்களிடம் கண்டு, தியேட்டரோடு சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். (இடைவேளையைக் கைவிடாத நம் தியேட்டர்க்காரர்கள் இவ்வகையில் நோய்த்தடுப்புத் துறையினர்.) முன்னே சாய்ந்து முட்டி போட்டுத் தரை துடைப்பவர்க்குச் சில்லின் முன்னால் நீர்ப்பை வீங்குவதை வேலைக்காரி முட்டி என்றும், நிமிர்ந்து முட்டி போட்டுச் செபிப்பவர்க்குச் சற்றே கீழே வீங்குவதைப் பாதிரியார் முட்டி என்றும் ஆங்கில மருத்துவம் பிரித்திருக்கிறது. வேலைக்காரிக்கும் பாதிரியாருக்கும் கிடைத்த மரியாதை பி-ஷிப்டுக்காரருக்குக் கிடைக்காதது முறையன்று. எனவே குருபரப்பள்ளி நிறுத்தத்தில் இறங்கும்போது மனிதன் பஸ் கம்பியைப் பிடித்தபடி முதல் இரண்டு அடி காலை உதறி நடக்கும் நிலைக்கு ‘ஷிப்டு பஸ் முட்டி’ என்று இதனால் பெயர் சூட்டப்படுகிறது.

இதற்கு மருந்து என்னையெனின், மருந்து இல்லை, பயிற்சி உண்டு. உட்கார்ந்த இடத்திலேயே காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிச் சில நொடி பிடித்து விட வேண்டும். தொடைத்தசை வலுத்தால் சில்லு தன் பள்ளத்தில் ஒழுங்காக ஓடும். இதைப் பஸ்ஸில் செய்ய இடம் நடைபாதை ஒன்றுதான். ஆய்வாளன் அங்கே காலை நீட்டிப் பிடித்து எண்ணத் தொடங்கியபோது பின்னாலிருந்து ஒருவர் “கால மடக்குப்பா” என்றார். அடுத்தவர் “காலு தெகி” என்றார். மூன்றாமவர் “காலு தீயி” என்றார். பீகாரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் எதுவும் சொல்லாமல் தாண்டிப் போனார். தாண்டும்போது அவருடைய முட்டி நன்றாக வேலை செய்தது.