துணைக்கு வந்தவன்: கரும்பு வெட்டுக் கோஷ்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

நல்ல ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி, வலுவான குழுவைக் கட்டமைப்பது எப்படி என்று ஒரு கருத்தரங்கில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேசியவர்கள் எல்லோரும் 'கட்டமைத்தல்' என்றார்களே ஒழிய, ஒருவர்கூடக் 'கட்டு' என்று சொல்லவில்லை. கட்டு என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் அந்நேரம் மூங்கில்துறைப்பட்டில் கரும்புக் கொல்லையில் நின்றார்கள். வாசலில் ஒரு பை, ஒரு பேனா, எழுதாத தாள் இருபது கொடுத்தார்கள். அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன் என்பதால் இவ்வாய்வுக்கு நிதிநல்கை உண்டு என்று அறிக.

இயல் ஒன்று: இடம்

தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது ஊர். 2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டம், பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டம். கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் முதலாவது இங்கே, இரண்டாவது கச்சிராயபாளையத்தில். மூங்கில் முந்தியதா, துறை முந்தியதா, பட்டு எப்போது ஒட்டியது என்று நாற்பது பக்கம் விவாதித்து, முடிவு சொல்லாமல் நிறுத்துவதே மரபு. என்னிடம் இருபது தாள்தான்.

இயல் இரண்டு: முன்னோர் மொழிந்தவை

வள்ளுவர் ஆள் தேர்வுக்குத் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். உத்திரமேரூர்க்காரர்கள் இன்னும் கறார். முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில், ஊர்ச்சபை வாரியத்துக்கு ஆள் எடுக்கக் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது என்று நிபந்தனைகள் நீள்கின்றன. கணக்குக் காட்டாதவர் விலக்கு, அவருடைய சொந்தக்காரர்களும் விலக்கு. இவ்வளவும் சலித்து எடுத்துவிட்டு, மிஞ்சிய பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆள் தேர்வு பற்றி இதைவிட நேர்மையான வாக்குமூலம் உலகில் கிடையாது.

மேல்நாட்டில் 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைக் கூட்டிப் பார்த்தார்கள். ஓர் ஆள் எப்படி வேலை செய்வான் என்பதை முன்கூட்டி அறிய, வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதன் பயன் 0.54. எத்தனை வருஷம் படித்தான் என்று பார்ப்பதன் பயன் 0.10. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதன் பயன் 0.02. 2022இல் சாக்கெட்டும் கூட்டாளிகளும் வந்து, கணக்கில் பிசகு இருக்கிறது, அந்த 0.54 உண்மையில் 0.33தான் என்றார்கள். ஆக, 24 வருஷம் உலகம் 0.21 அளவுக்குத் தப்பாக நம்பிக்கொண்டிருந்தது. மூங்கில்துறைப்பட்டு மேஸ்திரி அரிவாளைக் கையில் கொடுத்து, "ரெண்டு சால் வெட்டு, பாக்கலாம்" என்கிறார். அவருடைய எண்ணை இதுவரை யாரும் திருத்தவில்லை.

இயல் மூன்று: கோஷ்டியின் உறுப்புகள்

வெட்டுபவர். தரையோடு தரையாக வெட்டுவார். சர்க்கரை அடிக்கரும்பில்தான் அதிகம். நாலு விரல் கட்டை விட்டு வெட்டினால் இனிப்பு கொல்லையிலேயே நின்றுவிடும், மறுதாம்பும் ஒழுங்காகத் துளிர்க்காது.

கட்டுபவர். தோகையையே முறுக்கிக் கட்டுவார். வெளியிலிருந்து கயிறு வராது.

சுமப்பவர். சுமப்பார்.

மேஸ்திரி. இவரைப் புரிந்துகொள்ள நச்சினார்க்கினியர் தெரிந்திருக்க வேண்டும். பத்துப்பாட்டு உரையில் அவர் ஓரிடத்துச் சொல்லைப் பிடுங்கி, பல அடி தள்ளி நிற்கும் இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பொருள் சொல்வார். அதற்கு 'மாட்டு' என்று பெயர். மேஸ்திரியும் கல்வராயன் மலையில் ஓர் அண்ணனைப் பிடித்து, சங்கராபுரத்தில் அவன் மச்சானைப் பிடித்து, இடையில் இருக்கும் அத்தனை ஊரையும் தாண்டி இருவரையும் ஒரே சாலில் மாட்டிவிடுகிறார். நச்சினார்க்கினியர் சேர்த்த சொற்கள் சில சேர்ந்த இடத்தில் இன்றும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. மேஸ்திரி சேர்த்த மச்சான்கள் மறுவருஷமும் சேர்ந்தே வருகிறார்கள். (காண்க: டீக்கடைப் பலகைச் சுவடி, மூன்றாம் டம்ளர்.)

மேஸ்திரி தருவது முன்பணம். கருத்தரங்கில் இதைப் 'பணியாளரைத் தக்கவைத்தல்' என்றார்கள். வாங்கியது கழியாத வருஷத்தில் அந்தப் பணமே காலைக் கட்டும். அதற்கு நாட்டில் வேறு பெயரும், 1976இல் ஒரு சட்டமும் உண்டு. இங்கே கேலி வரவில்லை, அடுத்த இயலுக்குப் போகிறேன்.

இயல் நான்கு: துணைக்கு வந்தவன்

இதுவே இந்நூலின் உயிர்நிலை. எந்தக் கோஷ்டியிலும் ஓர் ஆள் இருப்பான். வெட்டமாட்டான், கட்டமாட்டான், சுமக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்வான். "நீ எதுக்குப்பா வந்தே?" என்றால், "சும்மா, தொணைக்கு வந்தேன்" என்பான். இவனைப் பற்றிய மூல நூற்பா செல்லரித்துப் போயிற்று. உரை மட்டும் முழுசாகக் கிடைக்கிறது. மூலம் இல்லாததால் உரையில் தடங்கலே இல்லை. (கொழுந்தாடைச் சுவடி, சால் 17, அடிக்கட்டைக்குக் கீழ் இரண்டாம் வரி. பாடபேதம்: அதே சால், மாடு மேய்ந்த பிரதி.)

இவன் ஆறு வகைப்படுவான். முதலாமவன் நாய் அறிந்தவன். எந்தக் கொல்லை நாய் குரைக்கும், எது கடிக்கும் என்பதைப் படிக்காமல் அறிந்தவன். இரண்டாமவன் சால் சொல்பவன். பதினாலு சால் மிச்சமிருக்கும்போது "இன்னும் நாலுதான்" என்பான். எல்லோருக்கும் எண்ணத் தெரியும், ஆனாலும் நம்புவார்கள். மூன்றாமவன் ஆலை வாசலில் எத்தனை டிராக்டர் நிற்கிறது என்று போனிலேயே அறிபவன். வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடையும் சர்க்கரையும் குறையும் என்பதால் இந்த வம்புப் பேச்சுக்கு விலை உண்டு. நான்காமவன் உண்மையிலேயே உதவாதவன்.

ஐந்தாமவன் தூங்குபவன். இவனைப் பற்றி அறிஞரிடையே பெரும்பூசல். சோகைக் குவியலில் தூங்கும் இவன்மேல் கோஷ்டி முழுக்கக் கோபமாக இருக்கும், ஆகவே ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் வராது என்பது ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, அவன் மேஸ்திரியின் மச்சினன் என்பது எதிர்க்கட்சி. (கொழுந்தாடைச் சுவடி, மாடு மேய்ந்த பிரதி. அந்த மாட்டின் கன்று மேய்ந்த பிரதியில் 'மச்சினன்' என்பதற்கு 'மாமன்' என்று பாடம். கன்றுக்கு அப்போது பல் முளைக்கவில்லை என்பதால் இப்பாடம் கொள்ளத்தக்கதன்று.)

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்ததை 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஆளுக்கு இழுவை குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுத்ததில் பாதிதான் இழுத்தார்கள். எட்டாவது ஆள் கயிற்றையே தொடாமல் பக்கத்தில் நின்று ஊர்க்கதை பேசினால் மற்ற ஏழு பேர் எவ்வளவு இழுப்பார்கள் என்று அவர் அளக்கவில்லை. கூகுள் நிறுவனம் 2012இல் 'அரிஸ்டாட்டில்' என்று பெயர் வைத்து 180 குழுக்களை ஆராய்ந்தது. யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, பயமில்லாமல் வாயைத் திறக்க முடிகிறதா என்பதே முக்கியம் என்று கண்டது. முதலில் வாயைத் திறப்பவன் யார் என்று எண்ணியிருந்தால், அவனைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆறாமவன் ஒருகாலத்தில் நன்றாக வெட்டியவன். தோள் போன பிறகும் வருகிறான். புது ஆள் அரிவாள் பிடிப்பதைப் பார்த்து "மணிக்கட்ட மடக்காத தம்பி" என்று ஒரு சொல் சொல்வான், அன்றைக்கு அவ்வளவுதான் அவன் பேச்சு. இவனுக்கு மேற்கோள் எதுவும் தேவைப்படவில்லை.

மறுப்புரைப்போர், துணைக்கு வந்தவன் கரும்பு வெட்டில் மட்டுமே உண்டு, கல்விப் புலத்தில் இல்லை என்பர். அன்னார் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புக்குக் கீழே வரிசையாக நிற்கும் பெயர்களில், முதல் பெயரை விட்டுவிட்டு மற்றவற்றை நோக்குக. சில துறைகளில் முதல் பெயரையும் நோக்கலாம்.

இயல் ஐந்து: கூலி

இப்பகுதியை இரண்டு பிரதிகளிலும் மாடு மேய்ந்துவிட்டது.