சட்டியில் இல்லாதது சட்டையில்

துரொண்ட்ஹைம், நோர்வே
டிசம்பர்

அன்புள்ள பெரியக்காவுக்கு,

"அந்தக் குளிருக்கு என்ன தின்கிறாய், என்ன உடுக்கிறாய்?" என்று கேட்டிருந்தீர்கள். சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். அது சின்ன விசயம்.

இவர்களின் தேசிய உணவுக்குப் பெயர் ஃபோரிகோல். 1972இல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் தெரிவானது. 2014இல் "வேறு ஏதும் வேண்டுமா?" என்று அரசாங்கமே போட்டி வைத்துக் கேட்டது. வேண்டாம் என்று சனம் திரும்பவும் இதையே பிடித்துக்கொண்டது. எலும்போடு செம்மறி இறைச்சி, அதே நிறைக்குக் கோவா. இறைச்சி ஒரு அடுக்கு, கோவா ஒரு அடுக்கு, இடையில் உப்பும் முழு மிளகும். தண்ணீர் விட்டு மூடி, இரண்டரை மணித்தியாலம் அவிய விட்டு, அவித்த உருளைக்கிழங்கோடு தின்ன வேண்டியதுதான். தாளிதம் இல்லை. வெங்காயம்கூட இல்லை. "பத்தியச் சாப்பாடா, தம்பிக்கு என்ன வருத்தம்?" என்று நீங்கள் பதறுவது இங்கே கேட்கிறது.

ஆனால் அக்கா, காலை பத்து மணிக்கு எழும்புகிற சூரியன் பின்னேரம் இரண்டரைக்கே படுத்துவிடுகிறது. அந்த இருட்டுக்குள் வேலை முடிந்து வந்து மூடியைத் திறந்தால், கொழுப்பில் ஊறிய கோவாவின் ஆவி முகத்தில் அடிக்கும். அப்போது ஒடியல்கூழைக்கூட மறந்துவிடுவேன். (அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.) அடுத்த நாள் சுடவைத்தால் இன்னும் ருசி. என் கோப்பைக்குள் மட்டும் களவாக ஒரு கரண்டி கறித்தூள் போடுவேன்.

உடுப்புத்தான் பெரிய கதை. சட்டியில் போடாத சரக்கையெல்லாம் இந்தச் சனம் சட்டையில் போட்டுவிட்டது. பஸ்ஸில் கம்பளி பின்னுகிறார்கள், கூட்டத்தில் பின்னுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பொடியன்களுக்கும் இது பாடம். எங்கள் சின்னவன் பந்தை விட்டுவிட்டு ஊசியும் நூலுமாகத் திரிகிறான். 2013 நவம்பரில் அரச தொலைக்காட்சி விடிய விடியப் பின்னலைக் காட்டியதாம். செம்மறியின் மயிரைக் கத்தரித்து, நூலாக நூற்று, சுவெட்டராக்கி முடிக்கும் வரை நேரடி ஒளிபரப்பு. அவுஸ்திரேலியாக்காரரின் 4 மணி 51 நிமிடச் சாதனையை முறியடிக்கப் போனவர்கள் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்துத் தோற்றார்கள். அதைக் கண் கொட்டாமல் பார்த்தோம் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள்! நம் ஊரில் மெகாதொடர் பார்க்கிறவர்களை இனி நான் பகிடி பண்ண மாட்டேன்.

பக்கத்தில் செல்பு என்று ஒரு ஊர். 1857இல் மாரித் எம்ஸ்டாட் என்ற பதினாறு வயதுப் பெட்டை, கறுப்பும் வெள்ளையுமாக எட்டிதழ் நட்சத்திரப் பூப் போட்ட கையுறை பின்னித் தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போனாளாம். அன்றைக்குப் பிரசங்கத்தை யார் கேட்டிருப்பார்கள்! பிறகு ஊரே அதைப் பின்னி விற்றது. பூ வெறும் வடிவுக்கு இல்லை. ஒரு நிற நூல் முன்னால் கண்ணியாகும்போது மற்ற நூல் பின்னால் ஓடும். அதனால் துணி இரட்டைத் தடிப்பு, காற்று லேசில் புகாது. கம்பளி நனைந்தாலும் சூடு விடாது. பருத்தி நனைந்தால் நீங்கள் ஈரச்சேலையோடு கிணற்றடியில் நின்ற மாதிரித்தான். கம்பளியை இவர்கள் லேசில் தோய்ப்பதும் இல்லை. வெளியே காற்றில் தொங்கவிட்டால் மணம் போய்விடும் என்கிறார்கள். உங்களுக்கு அருவருக்கும், தெரியும். எனக்கோ ஞாயிற்றுக்கிழமைத் தோய்ப்பு மிச்சம்.

உங்கள் மச்சாளுக்கும் பின்னல் பேய் பிடித்துவிட்டது. கண்ணி எண்ணும்போது நான் கதைத்தால் ஊசியால் குத்த வருகிறாள். எண்ணி முடியட்டும் என்று தேத்தண்ணி நானே ஊற்றிக் குடிக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு சோடி செல்புக் கையுறை பார்சலில் வருகிறது. சாவகச்சேரி வெயிலில் போட முடியாதுதான். கூழ்ச்சட்டி இறக்க உதவும். மச்சாளுக்கு மட்டும் குளிருக்குப் போட்டதாக எழுதுங்கள். பதிலுக்கு இரண்டு கிலோ கறித்தூள், நன்றாக வறுத்தது, மூன்று பைக்குள் கட்டி அனுப்புங்கள்.

அன்புத் தம்பி