பத்துக்கு ஆறரை

எங்கள் அலுவலகத்தில் ஆறரை சார் என்று ஒருவர் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் இருப்பார். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறொரு பெயர் இருக்கிறது. அது வருமான வரிக்காரர்களுக்கு மட்டும் பயன்படுகிறது. மற்றபடி கணக்குப் பிரிவு, வாசல் காவலாளி, எதிர்ச் சாரி டீக்கடை மாஸ்டர் எல்லாருக்கும் அவர் ஆறரைதான். எந்தப் படம் பார்த்தாலும் பத்துக்கு ஆறரை போடுவதால் வந்த பட்டம். அவருக்கு அதில் வருத்தமில்லை. “நல்லவேளை, நாலரைன்னு கூப்பிடலையே” என்பார்.

எல்லாப் படத்துக்கும் ஒரே மார்க்கா என்று அவசரப்பட்டுச் சிரித்துவிடக் கூடாது. அதில் பெரிய ராஜதந்திரம் இருக்கிறது. ஐந்துக்குக் கீழே போட்டால், அந்த நடிகரின் ரசிகர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுகிறவராகவே இருந்து தொலைக்கலாம். எட்டு போடுவது அதைவிட ஆபத்து. யாராவது நம்பிக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். டிக்கெட், பார்க்கிங், டிக்கெட்டைவிட விலை கூடின பாப்கார்ன் எல்லாவற்றையும் சேர்த்துத் திங்கள்கிழமை வந்து கணக்குக் கேட்பார்கள். ஆறரையில் இந்தத் தொல்லையே இல்லை. படம் பிடித்தவன், “மனுஷன் பாஸ் போட்டிருக்காரே” என்று திருப்தியாகப் போய்விடுவான். பிடிக்காதவனும், “அதான் ஆறரைன்னு அன்னிக்கே சொன்னாரே” என்று தலையாட்டுவான். மூன்று தலைமுறை மேலதிகாரிகளிடம் வேலை பார்த்தவருக்குத்தான் இந்த எண் அகப்படும்.

இந்த ராஜதந்திரத்துக்கு வந்த பெரிய சோதனை 2023 பொங்கல். ஜனவரி 11 அன்று ‘வாரிசு’, ‘துணிவு’ இரண்டும் ஒரே நாளில் வெளியாயின. அலுவலகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. அனுப்புகைப் பிரிவும் கணக்குப் பிரிவும் பேச்சுவார்த்தையை நிறுத்தி, கோப்புகளைக் கடைநிலை ஊழியர் வழியாகத்தான் பரிமாறிக்கொண்டன. ஆறரை சார் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தார். டீக்கடையில் இரு தரப்பும் சூழ்ந்துகொண்டன. “ரெண்டுக்கும் ஆறரை” என்றார். விடுவார்களா? “யாருக்குக் கூட, அதைச் சொல்லுங்க” என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். சார் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “ஒண்ணுக்கு ஆறு புள்ளி அஞ்சு. இன்னொண்ணுக்கு ஆறு புள்ளி அஞ்சு சைபர்.” எது யாருக்கு என்று கடைசிவரை சொல்லவில்லை. பேரவைத் தலைவர் ஆகியிருக்க வேண்டிய ஆள் என்று நான் நினைப்பது இதனால்தான்.

மார்க் போடும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெருமையோடு விகடனைக் கைகாட்டுவார். ‘16 வயதினிலே’ 1977இல் வந்தபோது ஆனந்த விகடன் அதற்கு நூற்றுக்கு அறுபத்திரண்டரை கொடுத்தது. இன்றைக்கும் அதை ஒரு சாதனையாகத்தான் பேசுகிறார்கள். நம் வீடுகளில் பிள்ளை தொண்ணூற்றிரண்டு வாங்கிக்கொண்டு வந்தால், மீதி எட்டை எங்கே தொலைத்தாய் என்று கேட்போம். அறுபத்திரண்டரைக்கு இனிப்பு வழங்கப்பட்ட ஒரே துறை தமிழ் சினிமாதான். ஆறரை சாரின் சிந்தனை முழுக்க அந்த அரை மார்க்கைச் சுற்றித்தான். அறுபத்திரண்டு சரி, அந்த அரை எதற்கு? மயில் கட்டிய தாவணிக்கா, சப்பாணியின் நடைக்கா? அதைப் போட்டவர் எத்தனை நேரம் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்திருப்பார்! “அரை மார்க் போடத் தெரிஞ்சவன்தான்யா விமர்சகன். முழு மார்க் வாத்தியார்கூடப் போடுவார்” என்பது சாரின் கட்சி. அவருடைய ஆறரை அந்த அறுபத்திரண்டரையின் பேரன் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

அவருடைய கருத்து எப்படி உருவாகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். முன்னெல்லாம் பெரிய படங்களுக்கு விடியற்காலைக் காட்சி இருந்தது. சார் அதிகாலை நான்கு மணிக்குப் போய்விட்டு, ஒன்பதரைக்குச் சிவந்த கண்களோடு ஆபீஸ் வந்து, ஊருக்கு முந்தி உண்மை அறிந்தவராக உட்கார்ந்திருப்பார். அந்த 2023 பொங்கலோடு அது போயிற்று. இப்போது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்கு. ஆனால் பெங்களூரில் அதற்கு முன்பே ஓட்டிவிடுகிறார்கள். அங்கே சாருக்கு ஒரு மச்சான் இருக்கிறார். எட்டரை மணிக்கு, சார் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருக்கும்போது, மச்சானிடமிருந்து செய்தி வரும்: “முதல் பாதி தீ. ரெண்டாவது பாதி லேக்.” அவ்வளவுதான். அன்றைக்கு சார் படம் பார்க்கப் போவதில்லை, மச்சான் சொன்னதைச் சரிபார்க்கப் போகிறார். இடைவேளைக்கு முன்னால் நெருப்பைத் தேடுவார், இடைவேளைக்குப் பின்னால் கடிகாரத்தைப் பார்ப்பார். தேடியது இரண்டும் கிடைத்துவிடும்.

படத்தில் இல்லாத சங்கதிகளுக்கும் மதிப்பெண்ணில் பங்குண்டு. முன்வரிசை டிக்கெட் என்றால் ‘கேமரா ஒர்க் சரியில்லை’. பக்கத்து சீட்டில் குழந்தை அழுதால் ‘எமோஷன் கனெக்ட் ஆகல’. ஏசி கொஞ்சம் மந்தமாக இருந்தால் ‘திரைக்கதை தொய்வு’. அசோக் பில்லர் உதயம் காம்ப்ளெக்ஸ் இருந்த காலத்தில் இது இன்னும் நுணுக்கமாக இருந்தது. ஒரே படத்தை உதயத்தில் பார்த்தால் ஒரு மார்க், சூரியன், சந்திரனில் பார்த்தால் இன்னொன்று, மினி உதயத்தில் பார்த்தால் கால் மார்க் கழிவு. கூட்டிக் கழித்துக் கடைசியில் வாயில் வருவது மட்டும் ஆறரைதான். 2024இல் அந்த அரங்குகளை மூடியபோது சார் உண்மையிலேயே இடிந்துபோனார். தன் அளவுகோலை யாரோ பிடுங்கிக்கொண்டு போன துக்கம் அது. இப்போது மால்களில் எல்லா ஸ்கிரீனும் ஒரே மாதிரி இருப்பதால், படத்தை மட்டும் வைத்து மார்க் போட வேண்டிய கொடுமை நேர்ந்திருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்.

வீட்டில் அவர் கருத்துக்கு இந்த மரியாதை கிடையாது. மனைவியின் அளவுகோல் தூக்கம். “நான் எத்தனை தடவை கண்ணசந்தேன்னு எண்ணிக்கோங்க. அதுதான் மார்க்” என்று முடித்துவிடுவார். அம்மாவுக்குப் படத்தின் பெயர்கூட வேண்டாம். வெளியே வந்ததும், “நல்லாத்தான்டா இருந்துது. எதுக்கு அத்தனை பேரைக் குத்தறான்? பேசித் தீத்துக்கக் கூடாதா?” என்பார். அண்மைக்காலத் தமிழ்ப் படங்களைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

ஒருமுறை சாரின் வாயருகே மைக்கே வந்துவிட்டது. முதல் நாள் முதல் காட்சி முடிந்து வருகிறவர்களைத் தியேட்டர் வாசலிலேயே மடக்கிக் கேட்கும் யூடியூப் சேனல் ஒன்று. வாழ்நாள் முழுக்க இதற்காகவே காத்திருந்தவர்போல சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இந்தப் படத்தை நாம ரெண்டு கோணத்துல அணுகணும். முதலாவதா...” என்று தொடங்குவதற்குள் மைக் நகர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பையன், “தெறி! வெறி! தலைவா!” என்று மூன்றே சொல்லில் விமர்சனத்தை முடித்தான். அன்று மாலை வெளியான காணொளியில் அந்தப் பையன் முழுசாக இருந்தான். சாரின் இடது காது மட்டும் அவன் தோளுக்குப் பின்னால் தெரிந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்.

2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்கள் விமர்சனம் எடுப்பதை அனுமதிக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் திரையரங்கு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்ட செய்தி வந்ததே, அன்று சார் செய்தித்தாளை மேசையில் மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “பயந்துட்டாங்க.” யாரைப் பார்த்து என்று நாங்கள் கேட்கவில்லை.

தன் சொல்லுக்குச் சக்தி இருப்பதாக அவர் நம்புவதற்குக் காரணமும் உண்டு. ‘மெய்யழகன்’ வந்தபோது, “நல்ல படம்தான், ரெண்டாவது பாதியில கொஞ்சம் கத்திரி போட்டிருக்கலாம். ஆறரை” என்றார். சில நாளில் படத்திலிருந்து பதினெட்டு நிமிடத்துக்கு மேல் குறைத்துவிட்டார்கள். சார் அன்று டீக்கடைக்குள் நுழைந்த நடை இருக்கிறதே, எடிட்டரின் கத்திரியைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்போல இருந்தது. அடுத்த சனிக்கிழமை, வெட்டிய பிரதியையும் போய்ப் பார்த்தார். திங்களன்று எல்லாரும் கேட்டோம். “அந்தப் பதினெட்டு நிமிஷத்துலதான்யா உயிரே இருந்துது. எடுத்துட்டாங்க.” மார்க்? அதே ஆறரை.

ஆனால் பழைய படங்கள் விஷயத்தில் அவர் வேறு ஆள். வெளியான வாரத்தில் ஆறரை வாங்கிய படம், அவரிடம் வைப்புநிதி மாதிரி வருஷாவருஷம் வட்டி போட்டு ஏறிக்கொண்டே இருக்கும். 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் சுருண்டுபோன ‘அன்பே சிவம்’ இப்போது அவர் கணக்கில் ஒன்பதரை. ‘ஆயிரத்தில் ஒருவன்’ ஒன்பதேகால். முதல் நாளே இவற்றின் அருமை தனக்குத் தெரியும் என்று சாதிப்பார். இதில் உச்சம் ‘குணா’. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் சேர்ந்து வந்தன. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்து, தமிழ்நாடே மறுபடி குணா குகைக்குள் எட்டிப் பார்த்தபோது, சார் வீட்டுக்கு வந்திருந்த எங்களிடம், “ஊரே தளபதிக்கு ஓடுச்சு. நான் மட்டும் குணாவுக்குப் போனேன். அந்த வயசுலயே டேஸ்ட்” என்றார். அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “பொய் சொல்லாதடா. தளபதிக்கு டிக்கெட் கெடைக்கலைன்னு ரோட்டுல உருண்டு அழுதே. அழுகையை நிறுத்தறதுக்காக அப்பா பக்கத்துத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கயும் பாதியில தூங்கிட்டே.” சார் சிரித்துக்கொண்டே, “அம்மாவுக்கு இப்போ ஞாபக மறதி” என்று எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

இத்தனைக்கும், அவர் சொல்லைக் கேட்டுப் படத்துக்குப் போனவர் என்று எங்கள் ஆபீஸில் ஒருவரும் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் அவரைத் தேடுகிறோம். நமக்கு ஒரு படம் பிடித்துவிட்டால் அதை நியாயப்படுத்தவும், பிடிக்காவிட்டால் செலவழித்த காசுக்குத் திட்டவும் ஒரு ஆள் எதிரே வேண்டும். அவர் அதற்கு ஒரு ரூபாய்கூட வாங்காமல் தினமும் வந்து நிற்கிறார். ஓடிடிக்கு வந்தபின் ஒன்றரை மடங்கு வேகத்தில், பாத்திரம் தேய்த்துக்கொண்டே படம் பார்த்துவிட்டு, “மொக்கை” என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட்டுப் போகிற இந்தக் காலத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், மனிதர் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்க்கிறார், பெயர் ஓடி முடிந்து விளக்குப் போட்டபின்தான் எழுந்திருக்கிறார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

போன மாதம் ஒரு சம்பவம். எங்கள் கட்டடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் குறும்படம் எடுத்திருக்கிறான். பன்னிரண்டு நிமிடம். யாரோ சொல்லி, டீக்கடைக்கே வந்து சாரிடம் போனை நீட்டினான். “சார், நீங்கதான் மார்க் போடணும்.” சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஹெட்போனில் ஒரு பக்கத்தை மட்டும் செருகிக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நடுவில் ஒருமுறை டீயை எடுக்கப் போய், எடுக்காமலே கையை இழுத்துக்கொண்டார். முடிந்தது. பையன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

சினிமாவைப் பற்றிப் பேசிப் பேசியே வயதானவர் முதன்முறையாக வார்த்தைக்குத் திணறியதை அன்றுதான் பார்த்தோம். அதுவரை அவர் மார்க் போட்ட படத்தின் டைரக்டர் யாரும் எதிரே நின்றதில்லை அல்லவா? “நல்லா... லைட்டிங் நல்லா இருக்கு தம்பி. அந்தப் பாட்டி... உன் பாட்டியா? நல்லா பண்ணியிருக்காங்க. விடாம பண்ணு.”

“மார்க், சார்?”

சார் எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் டீ கிளாஸைப் பார்த்தோம்.

“ஏழு” என்றார்.

கடையே நிமிர்ந்து பார்த்தது. பையனுக்கு முகமெல்லாம் பல். எல்லாருடைய டீ, போண்டாவுக்கும் அவனே காசு கொடுத்துவிட்டு, சாரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடினான். அவன் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, மாஸ்டர்தான் கேட்டார்: “என்னா சார், நிஜமாவே ஏழா?”

“நாலரைதான் மாஸ்டர்.”

“அப்புறம்?”

“மீதி ரெண்டரை போண்டாவுக்கு” என்று சொல்லிவிட்டு, இன்னொரு போண்டாவை எடுத்தார்.