தோற்பவன்தான் ஹீரோ: ஒரகடத்திலிருந்து ஒரு கதைச் சுருக்கம்

இயக்குநர் சாருக்கு,

அடுத்து சூதாட்டப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று கோடம்பாக்கத்தில் பேச்சு. லொக்கேஷன் பார்க்க மக்காவ் போனீர்களாம். அப்படியே கொழும்பில் 2025 ஆகஸ்டில் திறந்த புது கேசினோவையும் எட்டிப் பார்த்தீர்களாம். திறப்பு விழாவுக்கு ஹிருத்திக் ரோஷன் வந்துபோன இடம், ஜொலிக்கத்தான் செய்யும். ஆனால் தயாரிப்பாளர் காசை ஏன் விமானத்தில் கொட்டுகிறீர்கள்? வண்டலூரில் வாலாஜாபாத் சாலைக்குத் திரும்புங்கள். படப்பை தாண்டினால் ஒரகடம். நீங்கள் தேடும் கேசினோ அங்கேயே இருக்கிறது. கோட்டு சூட்டு வேண்டாம், கம்பெனி யூனிஃபார்மோடு உள்ளே போகலாம்.

கதை கேளுங்கள்.

லொக்கேஷன், ஒரே ஒரு ரூம். மாத்தூரிலோ வல்லத்திலோ, போன தலைமுறையில் நெல் விளைந்த இடத்தில் எழும்பிய மூன்று மாடி வீடு. ரூமில் பத்துப் பேர், ஐந்து பாய். கணக்கு இடிக்கவில்லை சார்: ஏ ஷிஃப்ட் எழுந்துபோன பாயில் சி ஷிஃப்ட் வந்து படுக்கும். சுற்றிலும் ரெனோ கார், ராயல் என்ஃபீல்டு பைக், பாரத்பென்ஸ் லாரி, அப்போலோ டயர். ஊருக்கெல்லாம் வண்டி செய்து அனுப்பும் பையன் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறான்.

அவன்தான் ஹீரோ. வயது இருபத்திரண்டு. திருவண்ணாமலைப் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘டிரெய்னி’ என்று இருக்கிறது. சம்பளம் போடுகிறவர் கான்ட்ராக்டர். நிரந்தரமா, இல்லையா என்பது யாரோ ஒருவருடைய மனதில் இருக்கும் சீட்டு. அதை இவனுக்குத் திறந்து காட்ட மாட்டார்கள். காலம் முடிந்ததும் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே அனுப்புவார்கள், மறுநாள் அதே இடத்தில் அடுத்த பையன் நிற்பான். இவனை விடுங்கள், ‘பர்மனென்ட்’ என்று நம்பியவர்கள் கதி என்ன? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று கதவைச் சாத்தியது. நிலமும் சலுகையும் கொடுத்துப் பந்தயம் கட்டியது அரசு, தோற்றது தொழிலாளி. உழைப்புக்கும் பிழைப்புக்கும் தொடர்பில்லை, எல்லாம் சீட்டு விழுகிற விதம் என்று பையனுக்குக் கற்றுக்கொடுத்தது போன் இல்லை சார், இந்த நெடுஞ்சாலை. போனில் ரம்மி ஆப் பிறகுதான் வந்தது, வெல்கம் போனஸோடு.

“இதில் கெத்து எங்கே?” என்று கேட்பீர்கள். தெரியும். கெத்தை நீங்கள்தானே கற்றுக்கொடுத்தீர்கள்.

2011இல் ‘மங்காத்தா’ வந்தது. அஜித்தின் ஐம்பதாவது படம். ஐபிஎல் பந்தயப் பணம் ஐந்நூறு கோடி, அதை அடிக்கத் திட்டம் போடும் சஸ்பெண்ட் ஆன போலீஸ்காரர், தியேட்டர் முழுக்க விசில். இரண்டு வருடம் கழித்து, 2013 மே மாதம், நிஜமான ஐபிஎல் பந்தய விவகாரத்தில் கைதானவர் குருநாத் மெய்யப்பன். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் முக்கியப் புள்ளி, ஏவி.எம். குடும்பத்துப் பிள்ளை. அவர் பந்தயம் கட்டினார் என்றது உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு. 2015இல் அதே நீதிமன்றம் அமைத்த லோதா குழு அவருக்கு ஆயுள் தடையும், அணிக்கு இரண்டாண்டுத் தடையும் போட்டது. 2018இல் அணி திரும்பி வந்து கோப்பையையும் தூக்கியது. அதற்கும் விசில். திருடிய ஹீரோவுக்கும் விசில், தடை முடிந்து வந்த அணிக்கும் விசில். பையன் முதன்முதலாக ரம்மி ஆப்பைத் திறந்தபோது அவன் காதில் இருந்தது அந்த விசில்தான்.

2014இல் ‘சதுரங்க வேட்டை’. மோசடிக்காரன்தான் ஹீரோ. நல்ல படம், எச்சரிக்கையாகத்தான் எடுத்தார்கள். ஆனால் பாடம் படித்தவர்கள் யார்? மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று ஆசை காட்டிய ஆருத்ரா கோல்டு நிறுவனம் 2022இல் பிடிபட்டபோது கணக்கு 2,438 கோடி ரூபாய், பணம் போட்டவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். தியேட்டரில் கைதட்டியவர்கள்தான் வெளியே வந்து வரிசையில் நின்றார்கள்.

இப்போது வில்லன், மேசைக்குச் சொந்தக்காரன். இந்தப் படத்தின் புதுமையே அவன்தான். சகுனியாவது தாயத்தை உருட்டி உழைத்தான். இவன் ஆடவே மாட்டான். ஐரோப்பிய வகை ரூலெட் சக்கரத்தில் 37 கட்டம். உங்கள் எண் விழுந்தால், கட்டிய பணம் போக நியாயப்படி 36 மடங்கு தர வேண்டும், தருவது 35. உலகத்து கேசினோ மாளிகைகள் எல்லாம் இந்த மாதிரி சின்ன இடைவெளிகளில் கட்டியவை. ஹாலிவுட்டின் ‘21’ படத்தில் மாணவர்கள் சீட்டை எண்ணி எண்ணி ஜெயிப்பார்கள். எண்ணத் தெரிந்தவன் என்று தெரிந்தால் நிஜ கேசினோ அவனை வாசல் வரை கொண்டுவிட்டு வரும். ரம்மி ஆப்பில் அந்தத் தொல்லைகூட இல்லை. மேசையில் ஆறு பேர், யார் ‘ஷோ’ காட்டினாலும் குவிந்த பணத்தில் ஒரு பங்கு கம்பெனிக்கு. ஆறு பேர் பணமும் ஆறு பேருக்குள்ளேயே சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் தேயும். கடைசியில் தேயாமல் இருப்பவன் ஒருவன்தான். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

பஞ்ச் டயலாக் வேண்டுமா? சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் ஓர் ஆந்திர வழக்கில் சொன்னது. கம்பெனிகள் இன்றுவரை தலையில் வைத்துக் கொண்டாடும் தீர்ப்பு அது. ஆக, பாயில் படுத்துக்கொண்டு சீட்டைத் தேய்க்கும்போது நம் பையன் திறமைசாலி. அதே பையன், அதே விரல்கள், அசெம்பிளி லைனில் கண் இமைக்காமல் நட்டு போல்ட்டு முடுக்கும்போது கான்ட்ராக்டர் ரெஜிஸ்டரில் ‘அன்ஸ்கில்டு’. காசை இழக்கும்போது திறமை உண்டு, கூலி வாங்கும்போது திறமை கிடையாது. எந்த வசனகர்த்தாவாவது இதைவிட நன்றாக எழுதுவாரா சார்?

கௌரவத் தோற்றங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆலமரத்தடியில் உட்கார்ந்து நியாயம் சொன்ன ‘நாட்டாமை’ சரத்குமார் ரம்மி விளம்பரத்தில் வந்தார், கேள்வி கேட்டபோது நியாயமும் சொன்னார். 2020 நவம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை நோட்டீஸ் அனுப்பிய பட்டியலே ஒரு மல்டி ஸ்டாரர்: கோலி, கங்குலி, பிரகாஷ்ராஜ், தமன்னா, ராணா, சுதீப். ‘சின்ன தல’ ரெய்னா விடுபடக் கூடாதே. வெளிநாட்டு பெட்டிங் நிறுவன வழக்கில் அவருடைய சொத்தையும் ஷிகர் தவானுடைய சொத்தையும் சேர்த்து 11 கோடி ரூபாய்க்கு மேல் 2025 நவம்பரில் அமலாக்கத் துறை முடக்கியது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். விளம்பரத்தின் கடைசி இரண்டு நொடியில் மின்னல் வேகத்தில் ஓடும் அந்த எச்சரிக்கை வாசகத்தை இவர்களில் ஒருவராவது மூச்சுவிட்டு, நிதானமாக, தமிழில் படித்துக் காட்டியிருந்தால் நானே பாலாபிஷேகம் செய்திருப்பேன்.

இதே திரையுலகம்தான் 2021இல் ‘ஜெய் பீம்’ எடுத்து வழக்கறிஞர் சந்துருவைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டு, பிறகு நீதிபதியாகி ஓய்வும் பெற்றிருந்த அதே சந்துருவின் தலைமையில் அரசு குழு அமைத்தது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய் என்று 2022 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். படத்துக்குக் கைதட்டிய நட்சத்திரங்களில் எத்தனை பேர் அறிக்கைக்குக் கைதட்டினார்கள்?

இன்டர்வெல்லுக்கு முன் சட்டக் காட்சிகள். திரைக்கதை சிக்கலானது, கவனம். 2020 நவம்பரில் அதிமுக அரசு அவசரச் சட்டம். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து. 2022 அக்டோபரில் திமுக அரசு சட்டமன்றத்தில் மசோதா. ஆளுநர் ஆர்.என். ரவி அதை நான்கு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார், நடுவில் கம்பெனிப் பிரதிநிதிகளைச் சந்தித்தார், 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றிய பிறகு ஏப்ரலில் ஒப்புதல். நவம்பரில் உயர் நீதிமன்றம்: சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது. சாராயத்தைத் தவிர மற்றதெல்லாம் மதுவிலக்கில் அடக்கம் என்பதுபோல.

அப்புறம் வந்தது இந்தப் படத்தின் உச்சக்கட்ட காமெடி. 2025 பிப்ரவரியில் புது விதிமுறை: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கூடாது. அருமை. ஆனால் நம் ஹீரோ சி ஷிஃப்ட். கடை மூடியிருக்கும் நேரத்தில் அவன் லைனில் நிற்கிறான். விடிந்து, பஸ் பிடித்து, கண் எரிய எரிய ரூமுக்கு வந்து பாயை விரிக்கும்போது கடை திறந்து வரவேற்கிறது. பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறவர்கள் எழுதிய சட்டம் சார் அது. இந்த மாநிலத்தில் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கும் ஒரு மக்கள்தொகை இருப்பதே கோட்டையில் தெரியவில்லை. முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் மட்டும் தெரிகிறது.

சைடு டிராக் ஒன்று. ஊர்ப்பக்கம் புளிய மரத்தடியில் நாலு பேர் துண்டு விரித்துச் சீட்டாடினால் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் கைது. 52 சீட்டும் சில நூறு ரூபாயும் பறிமுதல், மறுநாள் பேப்பரில் செய்தி. அதையே போனில் ஆடினால், 2025 வரை, தொழில்முனைவு. 2023 அக்டோபர் முதல் கட்டும் முழுப் பணத்துக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி என்றார்கள். மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி. நெற்றி வியர்வை வழிய வைத்த நூறு ரூபாயில் பங்கு வாங்கிக்கொண்டே கண்ணீர் வடித்த அரசுகள் இவை. ஆண்டுக்கு 45 கோடிப் பேர், ஏறக்குறைய 20,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசே கணக்குச் சொல்லி, 2025 ஆகஸ்டில் பண ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடைச் சட்டம் போட்டது. நல்லது. இரண்டே நாளில் இரு அவையிலும் நிறைவேறியது. இரண்டு நாள் வேலைக்கு இத்தனை வருடம் ஏன் ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

ஃப்ளாஷ்பேக் இல்லாமல் தமிழ்ப் படம் உண்டா? 2003இல் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செய்தது. லாட்டரி அதிபர் சான்டியாகோ மார்ட்டின் தொழிலை வெளி மாநிலங்களில் நடத்தினார். 2011 பொங்கலுக்கு ஒரு படம் தயாரித்தார்: ‘இளைஞன்’. எழுதியவர் அன்றைய முதல்வர் கருணாநிதி. கதை, மக்சீம் கோர்க்கியின் ‘தாய்’ நாவலைத் தழுவியது. நம்புங்கள் சார், நான் புளுகவில்லை. பரிசுச்சீட்டு விற்ற பணத்தில் பாட்டாளிகளின் புரட்சி. 2024இல் தேர்தல் பத்திரக் கணக்கு வெளியானது. இந்தியாவிலேயே அதிகப் பத்திரம் வாங்கிய நிறுவனம் மார்ட்டினுடைய ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி. அதில் 509 கோடி திமுகவுக்கு. திமுகவே தேர்தல் ஆணையத்திடம் சொன்ன கணக்கு.

அதே 2024இல், செப்டம்பர் 9 அன்று, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்க உரிமை கேட்டு வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். 37 நாள். அக்டோபரில் போலீஸ் அவர்களுடைய பந்தலைப் பிரித்துப் போட்டது, ஆட்களைக் கைது செய்தது. திரையில் கோர்க்கி, தெருவில் லத்தி. சூதாட்ட முதலாளி கொடுத்தால் புரட்சி வசனம், தொழிலாளி தானாகப் பேசினால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

கிளைமாக்ஸ். முதலில் ஐந்நூறு ஜெயித்தான், ரூமில் பிரியாணி. பிறகு சம்பளம் போனது. ஓவர்டைம் போனது. ரூம்மேட்டிடம் கைமாற்று, அம்மா கம்மல் அடகு, லோன் ஆப். அது போனிலிருந்த எல்லா எண்ணுக்கும் அழைத்து மானத்தை வாங்கியது. அந்த வாரம் கான்ட்ராக்டும் முடிந்தது. சோக முடிவு ஓடாது என்பீர்கள். தமிழ்நாட்டில் இந்த முடிவு நாற்பது முறைக்கு மேல் ஓடியிருக்கிறது, சட்டமன்றத்தில் அரசே சொன்னது. வசூல் மட்டும் வேறு ஆளுக்குப் போனது. என் கதையில் பையனைச் சாகவிட மாட்டேன். நிஜத்தில் நாம் செய்யாததைக் கதையிலாவது செய்ய வேண்டும். அவன் ஊருக்குப் பஸ் ஏறுகிறான், கடனோடு.

இதைப் படமாக எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். இதில் ஹீரோ ஜெயிக்க முடியாது, மேசைக்குச் சொந்தக்காரனைக் காட்டினால் படத்துக்கு ஃபைனான்ஸ் கிடைக்காது. ஆகவே உங்களிடம் கேட்க ஒன்றுமில்லை. அரசிடம் கேட்கிறேன்: ஆப்பைத் தடை செய்தீர்கள், சரி. வேலையைச் சூதாட்டமாக்கிய கான்ட்ராக்ட் முறையை எப்போது தடை செய்வீர்கள்? நிரந்தரமாக நடக்கும் வேலைக்கு நிரந்தரத் தொழிலாளி என்று ஒரு வரி எழுத எந்த ஆளுநரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறீர்கள்?

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தடைக்குப் பிறகும் புதுப்புதுப் பெயர்களில் இந்த ஆட்டம் உங்கள் வீட்டுப் போனுக்கு வரும், தெரிந்த முகத்தோடுதான் வரும். அந்த முகத்துக்குக் கட்அவுட் வைக்கும் முன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: அவர் வாங்கிய விளம்பரச் சம்பளத்தில் உங்கள் பிள்ளையின் ஓவர்டைம் இருக்கிறது.